ஃப்ரியான் கசிவிலிருந்து வெள்ளிக்கோளுக்கு: ராமநாதன் போன வழி

ஜூன் 3, இரவு 9:20 (கேள்வி)
காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன் பற்றிப் படிச்சேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பி.இ., அப்புறம் ஃப்ரிட்ஜ் கம்பெனி வேலை, அப்புறம் அமெரிக்கா போய் செவ்வாய், வெள்ளி வளிமண்டலம், கடைசியில புவி வெப்பமாதல். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கு. கைடு துறையை மாத்திக்கிட்டதால வந்த அதிர்ஷ்டம்னு ஒருத்தர் சொல்றார். அப்போ மெக்கானிக்கல் படிச்சவங்க கோள் வளிமண்டல ஆராய்ச்சிக்குப் போகணும்னா அதிர்ஷ்டம்தான் வழியா?

ஜூன் 3, இரவு 11:05
அதிர்ஷ்டம் என்று சொல்லி மூடிவிட்டால் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது கைநழுவிவிடும். முதலில் வரிசையைச் சரியாகப் பார்ப்போம்.

பிறந்தது 1944. 11 வயதில் குடும்பம் பெங்களூருக்குப் போக, தமிழில் படித்த பையன் ஆங்கிலவழி வகுப்பில் உட்கார்ந்தார். ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பழக்கம் போய், எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1965-இல் அண்ணாமலையில் பி.இ. பிறகு செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி நிறுவனம். அங்கே அவர் மேல் விழுந்த வேலை, உள்ளே ஓடும் குளிர்பதன வாயுவான ஃப்ரியான் ஏன் கசிகிறது, எப்படி நிறுத்துவது என்பது. அதன்பின் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், 1970-இல் எம்.இ. அங்கே கையில் எடுத்தது, ஒளிக்கற்றைகளைச் சேர்த்து நுண்ணிய மாற்றங்களை அளக்கும் இன்டர்ஃபெரோமீட்டர். அதே 1970-இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகம். ராபர்ட் செஸ் என்ற பேராசிரியரிடம் இன்டர்ஃபெரோமீட்டர் வேலை செய்யத்தான் போனார். போய்ச் சேர்ந்ததும் செஸ், இனி கோள்களின் வளிமண்டலம் என்று முடிவெடுத்துவிட்டார்.

அதிர்ஷ்டம் என்று சொல்வது இந்த இடத்தைத்தான். ஆனால் செஸ் யார்? அவரும் எஞ்சினியர். வெப்பப் பரிமாற்றத்தில், குறிப்பாக வாயுக்கள் வழியே கதிர்வீச்சு எப்படிப் போகிறது என்பதில் கை தேர்ந்தவர். 1960களில் உலைக்குள்ளும் கொதிகலனுக்குள்ளும் இருக்கும் சூடான கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் எவ்வளவு வெப்பத்தைக் கதிர்வீசும் என்று கணக்கிட எஞ்சினியர்கள் ஒரு முறையை உருவாக்கி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கோளின் வளிமண்டலத்தில் 96.5% கார்பன் டை ஆக்சைடு. உலைக்கு எழுதிய சமன்பாட்டை அப்படியே எடுத்துப்போய் வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? கையிலிருந்த கருவி அதேதான், அதை வைத்த இடம்தான் மாறியது.

ஜூன் 4, காலை 6:50
காலமும் சேர்ந்து வந்தது. 1970 டிசம்பரில் சோவியத்தின் வெனெரா 7 வெள்ளியின் தரையில் இறங்கி, அங்கிருந்து வெப்பநிலையை அனுப்பியது: 475 டிகிரி செல்சியஸ். 1971 நவம்பரில் மரினர் 9 செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அளவீடுகள் வந்து குவிந்தன, விளக்கம் சொல்லத்தான் ஆள் தேவைப்பட்டது. செஸ்ஸும் ராமநாதனும் செவ்வாய் வளிமண்டலத்துக்கும் வெள்ளியின் மேகத்துக்கு மேலுள்ள பகுதிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட கட்டுரை 1972-இல் வெளிவந்துவிட்டது.

ஜூன் 4, மதியம் 1:30
“இன்டர்ஃபெரோமீட்டர் வேலை வீண்தானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். வீணில்லை. இதுபோன்ற கருவியில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சூடான காற்று வழியாகவும் மற்றதைச் சாதாரணக் காற்று வழியாகவும் அனுப்பி, மறுபடி சேர்க்கிறோம். சேரும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் விழும். 27 டிகிரிக் காற்றை 10 டிகிரி சூடாக்கினால் ஒளிவிலகல் எண் குறைவது சுமார் 0.000009 மட்டும். 30 செ.மீ. நீளச் சோதனை அறையில், பாதரச விளக்கின் பச்சை ஒளிக்கு, அது ஏறக்குறைய 5 வரி நகர்வாகத் தெரியும். அந்த 5 வரியை எண்ணித்தான் வெப்பநிலையைச் சொல்ல வேண்டும்.

எங்கே கெடும்? மேசை அதிர்ந்தால் வரிகள் ஓடும். ஆடி ஒரு துளி சாய்ந்தாலும் வரிகள் நெருங்கிக் கண்ணுக்கே தெரியாமல் போகும். வெள்ளை ஒளி வரிகளை நேரடியாகத் தேடுகிறவர்கள் நாள் முழுக்கத் தேடுவார்கள், ஏனென்றால் இரண்டு பாதைகளின் நீளமும் ஒரு சில மைக்ரானுக்குள் ஒத்துப்போனால்தான் அவை தெரியும். முதலில் ஒற்றை நிற ஒளியில் வரிகளைப் பிடித்து, அவை மிகத் தெளிவாகும் திசையில் ஆடியை நகர்த்திக்கொண்டே போய், கடைசியில்தான் வெள்ளை விளக்கைப் போட வேண்டும். லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்கூடப் பெரிய விளைவைக் காட்டலாம் என்பது இந்த மேசையில் வேலை செய்தவர் கையில் ஏறிவிடும். பின்னால் அவர் செய்தது லட்சத்தில் ஒரு பங்கையும் தாண்டி, நூறு கோடியில் இரண்டு பங்கு வாயுவைப் பற்றிய கணக்கு.

ஜூன் 5, இரவு 10:10
இனி அந்தச் சமன்பாடு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு வாயுவுக்கு அகச்சிவப்பில் ஒரு உட்கவர் பட்டை, அதாவது அது கதிர்வீச்சை உறிஞ்சும் அலைநீளப் பகுதி, இருக்கிறது. அந்தப் பட்டை மொத்தத்தில் எவ்வளவு அகலத்தை அடைக்கிறது என்பதற்குச் செஸ்ஸும் ராமநாதனும் பயன்படுத்திய வடிவம்:

அடைபடும் அகலம் = 2 × அ × இயல் மடக்கை [ 1 + ப ÷ √( 4 + ப × (1 + 1 ÷ கோ) ) ]

‘அ’ என்பது பட்டைக்கே உரிய அகல அளவு. ‘ப’ என்பது பாதையில் எவ்வளவு வாயு இருக்கிறது, பட்டை எவ்வளவு வலுவானது என்பதைச் சேர்த்துச் சொல்லும் எண். ‘கோ’ என்பது பட்டைக்குள் இருக்கும் தனித்தனிக் கோடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு கலந்திருக்கின்றன என்பது. அழுத்தம் கூடினால் கோடு ஒவ்வொன்றும் தடிக்கும், ‘கோ’ கூடும்.

கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். வாயு மிகக் கொஞ்சம்: ப = 0.01, கோ = 1. விடை 0.00995 அ. வாயுவை இரட்டிப்பாக்கி ப = 0.02 போட்டால் 0.0198 அ. விளைவும் அப்படியே இரட்டிப்பு.

வாயு ஏராளம்: ப = 10,000, கோ = 1. விடை 8.55 அ. இரட்டிப்பாக்கினால் 9.23 அ. கூடுவது 8% மட்டும்.

நடுவில், கோடுகள் மெல்லியவை: ப = 10, கோ = 0.01. விடை 0.546 அ. இரட்டிப்பாக்கினால் 0.736 அ, அதாவது 35% கூடுதல். ஏறக்குறைய வர்க்கமூலம் போல நடக்கிறது.

ஒரே சமன்பாட்டில் மூன்று உலகம். கார்பன் டை ஆக்சைடு ஏன் மடக்கைப்படி ஏறுகிறது, மீத்தேன் ஏன் வர்க்கமூலப்படி ஏறுகிறது, சிஎஃப்சி (ஃப்ரியான் வகை வாயுக்கள்) ஏன் நேர்விகிதத்தில் ஏறுகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இந்த ஒரே வரியில் இருக்கிறது.

ஜூன் 6, காலை 8:00
மேலே எழுதியதில் கோள்களை விட்டுவிட்டேன், சேர்க்கிறேன்.

செவ்வாயின் தரையில் அழுத்தம் சுமார் 6 மில்லிபார்தான், ஆனால் அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கும் அந்த வாயு ஏறக்குறைய 150 கிலோ. பூமியில் அதே கணக்கு 6, 7 கிலோ. 20 மடங்குக்கு மேல் வைத்திருந்தும் செவ்வாயின் பசுமை இல்ல விளைவு சுமார் 5 கெல்வின், பூமியுடையது 33 கெல்வின். காரணம் இரண்டு. செவ்வாயில் நீராவி இல்லாத குறை. அதோடு அழுத்தம் குறைவானதால் ‘கோ’ மிகச் சிறியது: கோடுகள் ஊசிபோல மெல்லியவை, இடைவெளி வழியாக வெப்பம் தப்பிவிடுகிறது. வெள்ளியில் நேர்மாறு. 92 பார் அழுத்தம், சதுர மீட்டருக்குச் சுமார் 10 லட்சம் கிலோ வாயு, கோடுகள் தடித்து ஒன்றாகிவிடுகின்றன.

ஆக, பூமியை மட்டும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு ‘ப’வும் ‘கோ’வும் ஏறக்குறைய மாறாத எண்கள். இரண்டு கோள்களில் கணக்குப் போட்டவருக்குத்தான் அவை திருகக்கூடிய குமிழ்கள்.

ஜூன் 6, மாலை 5:45
கேள்வி கேட்ட தம்பிக்கு. உட்கார்ந்து செய்ய வேண்டிய முதல் கணக்கு, கோளின் விளைவுறு வெப்பநிலை, அதாவது வெளியிலிருந்து பார்த்தால் அது கதிர்வீசும் வெப்பநிலை. சூரிய ஒளியின் செறிவை (1 − ஒளி திருப்பும் விகிதம்) ஆல் பெருக்கி, 4 ஆல் வகுத்து, 5.67 × 10⁻⁸ ஆல் வகுத்து, நான்காம் மூலம்.

பூமி: 1361 × 0.7 ÷ 4 = 238 வாட். விடை 255 கெல்வின்.
வெள்ளி: 2601 × 0.24 ÷ 4 = 156 வாட். விடை 229 கெல்வின்.

இந்த இரண்டு எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சூரியனுக்கு அருகில் இருக்கும் வெள்ளி, பூமியைவிடக் குறைவான சூரிய வெப்பத்தைத்தான் உள்ளே வாங்குகிறது. மேகம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆனாலும் தரையில் 735 கெல்வின். பசுமை இல்ல விளைவு என்ன செய்யும் என்று காட்ட இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

வழக்கமாக நடக்கும் தவறு: 4 ஆல் வகுக்க மறப்பது. மறந்தால் பூமிக்கு 360 கெல்வின் வரும். ஒளியை வாங்குவது வட்டத்தட்டின் பரப்பு, வெப்பத்தை விடுவது கோளத்தின் பரப்பு, அது நான்கு மடங்கு. இன்னொன்று, பூமியின் கதிர்வீச்சு உச்சம் எங்கே என்பது. அலைநீளத்தில் வரைந்தால் 10 மைக்ரான், அலையெண்ணில் (ஒரு செ.மீ.க்குள் எத்தனை அலை) வரைந்தால் 565, அதாவது 17.7 மைக்ரான். இரண்டும் சரி. ஒரு வரைபடத்தின் உச்சத்தை இன்னொரு வரைபடத்தில் தேடினால்தான் தப்பாகும்.

ஜூன் 8, இரவு 9:30
இப்போது 1975. முனைவர் பட்டத்துக்குப் பின் ராமநாதன் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் இருந்தார். முந்தைய ஆண்டு வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் சிஎஃப்சி ஓசோனை அழிக்கும் என்று எழுதியிருந்தார்கள். உலகமே ஓசோனைப் பார்த்தது. இவர் அதே வாயுவை அகச்சிவப்பில் பார்த்தார்.

2 பிபிபி சிஎஃப்சி என்றால் எவ்வளவு? வளிமண்டலம் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்கு, 0 டிகிரிக்கு அமுக்கினால் உயரம் சுமார் 8 கி.மீ. அதில் நூறு கோடியில் 2 பங்கு 0.016 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம். அன்றைய 330 பிபிஎம் (பத்து லட்சத்தில் 330 பங்கு) கார்பன் டை ஆக்சைடு அதே கணக்கில் 2.6 மீட்டர் உயரம். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எவரும் முதலாவதைத் தள்ளிவிடத்தான் நினைப்பார்கள்.

ஆனால் சமன்பாட்டுக்கு வாருங்கள். கார்பன் டை ஆக்சைட்டின் 15 மைக்ரான் பட்டை நிரம்பி வழிகிறது, ‘ப’ ஆயிரக்கணக்கில். மேலும் சேர்த்தால் விளிம்புகளில்தான் கொஞ்சம் கூடும். சிஎஃப்சியின் கார்பன்–ஃப்ளூரின், கார்பன்–குளோரின் பிணைப்புகள் உட்கவர்வது 8 முதல் 12 மைக்ரானுக்குள், அதாவது தரையின் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போகும் ஜன்னலில். அங்கே ‘ப’ மிகச் சிறியது. சேர்க்கும் ஒவ்வொரு மூலக்கூறும் முழு வேலை செய்யும். 11 மைக்ரான் அருகே 288 கெல்வின் தரை, ஒரு அலையெண் அகலத்துக்குச் சதுர மீட்டருக்கு 0.30 வாட் விடுகிறது. 220 கெல்வின் மேலடுக்கு விடுவது 0.07 வாட். அந்த வித்தியாசம்தான் அடைபடும்போது கீழே தங்குகிறது.

கட்டுரை 1975 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. சிஎஃப்சி-11, சிஎஃப்சி-12 இரண்டும் ஆளுக்கு 2 பிபிபி எட்டினால் தரை வெப்பநிலை 0.9 கெல்வின் வரை கூடலாம் என்பது அதன் முடிவு.

ஜூன் 9, காலை 7:15
நேற்று ‘ஜன்னல்’ என்று எழுதியதைத் திருத்த வேண்டும். அது முழுக்கத் திறந்த ஜன்னல் இல்லை. 9.6 மைக்ரானில் ஓசோன் ஒரு கம்பி போட்டிருக்கிறது. ஈரம் மிகுந்த வெப்பமண்டலக் கடல்களின்மேல் நீராவியும் அதை மங்கலாக்குகிறது. மேகம் வந்தால் பெருமளவு மூடிக்கொள்ளும். அதனால்தான், மேலே சொன்ன 0.30, 0.07 எண்களை மட்டும் வைத்துக் கைக்கணக்குப் போடுகிறவர்களுக்கு உண்மையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய விடை வரும். இன்னொரு காரணம், எல்லா வாயுவும் குளிர்ந்த மேலடுக்கிலேயே இருப்பதாக அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் வாயுவில் பெரும்பங்கு கீழே, வெதுவெதுப்பான காற்றில் இருக்கிறது; அது தரைக்கு ஏறக்குறைய நிகரான வெப்பத்தையே மேலே விடும். அடுக்கு அடுக்காகப் பிரித்துத்தான் கூட்ட வேண்டும்.

பிரிக்கும்போது 1.66-ஐ மறக்க வேண்டாம். வெப்பம் நேர் மேலே மட்டும் போவதில்லை, சாய்ந்தும் போகிறது. சராசரியாக அது கடக்கும் வாயு 1.66 மடங்கு. கீழடுக்கில் வெப்பநிலைச் சரிவு கி.மீ.க்கு 6.5 கெல்வினைத் தாண்டினால் வெப்பச்சலனம் கலக்கிவிடும் என்று அந்த எல்லைக்குக் கொண்டுவர வேண்டும். அதை விட்டுவிட்டால் தரை தேவைக்கு மேல் சூடாகவும், மேலே உள்ள காற்று குளிர்ந்தும் வரும்.

ஜூன் 9, இரவு 8:40
“சிஎஃப்சி கார்பன் டை ஆக்சைடைவிட எத்தனை மடங்கு சூடாக்கும் என்பதற்கு ஒரு இடத்தில் மூலக்கூறுக்கு 10,000 மடங்கு, இன்னொரு இடத்தில் கிலோவுக்கு 10,000 மடங்கு என்று இருக்கிறது, எது சரி?”

நல்ல கேள்வி. இரண்டும் வேறு எண்கள், தற்செயலாக அருகருகே வருகின்றன. சிஎஃப்சி-12 ஒரு பிபிபிக்குச் சதுர மீட்டருக்கு 0.32 வாட். கார்பன் டை ஆக்சைடுக்கு 5.35 × மடக்கை என்ற வாய்பாட்டில், 400 பிபிஎம் நிலையில் ஒரு பிபிபி கூட்டினால் 0.0000134 வாட். வகுத்தால் மூலக்கூறுக்குச் சுமார் 24,000 மடங்கு. 1975-இன் 330 பிபிஎம்மில் அது 20,000-ஐ ஒட்டி வரும். அதனால்தான் ‘10,000 மடங்குக்கு மேல்’. கிலோ கணக்குக்கு மூலக்கூறு எடையைச் சேர்க்க வேண்டும்: 121-க்கு 44, ஆக 2.75 ஆல் வகுத்தால் சுமார் 8,700. அதன்மேல் 100 ஆண்டுகளில் ஒவ்வொரு வாயுவும் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் சேர்த்தால் 10,000-ஐத் தாண்டுகிறது.

அதே எண்களை வைத்து 1975 முடிவைச் சரிபார்க்கலாம். சிஎஃப்சி-11-க்கு 0.25, சிஎஃப்சி-12-க்கு 0.32. ஆளுக்கு 2 பிபிபி என்றால் 1.14 வாட். ஒரு வாட்டுக்கு 0.8 கெல்வின் என்று எடுத்தால் 0.9 கெல்வின். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கணக்கு இன்றைய எண்களோடு நேருக்கு நேர் நிற்கிறது.

2 பிபிபியை நாம் எட்டவில்லை. சிஎஃப்சி-12 சுமார் 0.54 பிபிபியில் உச்சம் தொட்டுக் குறைந்துவருகிறது. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைதான் காரணம். ஓசோனுக்காகப் போட்ட அந்த உடன்படிக்கை பூமியின் வெப்பத்தையும் பிடித்து நிறுத்தியது என்பதை நாம் இன்னும் போதிய அளவு சொல்வதில்லை.

ஜூன் 11, மாலை 6:20
பிற்கால வேலையிலும் அந்த வெள்ளிப் பயிற்சி தொடர்கிறது. வெள்ளி தன் மேகத்தால் ஒளியைத் திருப்புகிறது. பூமியின் மேகம் மொத்தத்தில் குளிர்விக்கிறதா, சூடாக்குகிறதா? பூமியின் கதிர்வீச்சு வரவு செலவை அளந்த இஆர்பிஇ செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து ராமநாதன் குழு 1989-இல் பதில் சொன்னது. 1985 ஏப்ரல் தரவுகளில் மேகங்கள் தடுத்து வைக்கும் வெப்பம் 31 வாட், திருப்பும் சூரிய ஒளி 44.5 வாட். நிகரம் சுமார் 13 வாட் குளிர்ச்சி. அந்தக் குழுவில் செஸ்ஸும் இருந்தார்.

வேறு இந்தியர் உண்டா என்றால், சுஷில் அத்ரேயா. மிச்சிகன் பல்கலைக்கழகம். 1995 டிசம்பரில் வியாழனுக்குள் விழுந்த கலிலியோ ஆய்கலத்தின் நிறை நிறமாலை அளவீட்டுக் குழுவில் இருந்தவர். அவர் வழி வேறு, தனியாகப் பேச வேண்டியது.

ஜூன் 12, இரவு 10:00
கசிவு வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த இழை முழுமையாகாது. ஆர்-12, அதாவது மேலே சொன்ன சிஎஃப்சி-12, எதனால் கசியும்? சாதாரண அழுத்தத்தில் −29.8 டிகிரியிலேயே கொதிக்கிற வாயு, ஆகவே குழாய்க்குள் எப்போதும் அழுத்தம். ஃப்ளேர் ஜாயின்ட்டில் ஒரு கீறல், பிரேஸிங் சரியாக ஓடாத இடம், சர்வீஸ் வால்வின் ஊசி, வெளித்தண்டு வைத்த கம்ப்ரஸரில் ஷாஃப்ட் சீல். வாசனை இல்லை, நிறம் இல்லை, நச்சில்லை. அதனால் கசிவதே யாருக்கும் உறைக்காது. கசிவைக் கண்டுபிடிக்கும் ஹேலைடு டார்ச்சின் சுடர் செம்புத் தகட்டின்மேல் பச்சையாக மாறினால்தான் தெரியும். அடைத்த அறையில் அந்த டார்ச்சை நெடுநேரம் எரிக்கக் கூடாது, சிஎஃப்சி தீயில் சிதைந்து ஃபாஸ்ஜீன் வரும்.

அந்த வாயு எவ்வளவு எளிதில் வெளியேறும், வெளியேறினால் எதோடும் வினைபுரியாமல் எப்படி அப்படியே இருக்கும் என்பதை அந்த வேலையில் கற்றவர், 10 ஆண்டு கழித்து அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டார். எனக்கு இதில் துண்டுபட்ட பாதை எதுவும் தெரியவில்லை.

ஜூன் 13, காலை 9:10
“மெக்கானிக்கல் படிப்போடு என்ன சேர்க்க வேண்டும்?” நிறமாலையியல் அடிப்படை, கதிர்வீச்சுக் கடத்தல், ஏதாவது ஒரு நிரல்மொழி. வெப்பப் பரிமாற்றப் பாடத்தில் வாயுக் கதிர்வீச்சு என்று கடைசியாக வரும் அத்தியாயத்தைப் பரீட்சைக்கு விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் முதலில் படியுங்கள். பிறகு மேலே சொன்ன சமன்பாட்டை எக்செலில் போட்டு, 20 அடுக்கு வைத்து, செவ்வாய், பூமி, வெள்ளி மூன்றுக்கும் ஓட்டிப் பாருங்கள். வெள்ளிக்கு விடை தப்பாகத்தான் வரும். 92 பாரில் மூலக்கூறுகள் மோதும்போதே உட்கவரும், சூடான வாயுவில் புதிய பட்டைகள் முளைக்கும், கந்தக அமில மேகமும் வெப்பத்தைப் பிடிக்கும். இவை எதுவும் அந்த ஒரு வரியில் இல்லை. எந்த உயரத்துக்குக் கீழே கணக்கு விலகுகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

ஜூன் 13, இரவு 7:30
பழைய ஃப்ரிட்ஜ் உடைக்கிற இடத்தில் வேலை செய்பவர் ஒருவர் கேட்டிருக்கிறார், ஆர்-12 இன்னும் இருந்தால் என்ன செய்வது என்று. குழாயை வெட்டிக் காற்றில் விடாதீர்கள். 150 கிராம் என்றாலும், 100 ஆண்டுக் கணக்கில் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ரெகவரி மெஷினில் இழுத்து, தனிச் சிலிண்டரில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல், பின்னால் அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ-வோடு கலக்காமல், மேலே பெயர் எழுதி வையுங்கள். கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்பு செய்பவர் வாங்க மாட்டார்.